ஸ்கேனா, நேரடி பிடிஎஃப்பா, கலவையா? மின் தாக்கலுக்கு ஆவணம் தயாரிக்கும் மூன்று வழிகள்

நீதிமன்றத்தில் மனுவை இணையம் வழியாகச் சமர்ப்பிக்கும் மின் தாக்கல் என்று பேச்சு எடுத்தாலே பலரும் பதிவேற்றும் தளத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது, கட்டணத்தை எங்கே கட்டுவது, ஒப்புகை எப்போது வரும் என்பதெல்லாம் அந்தந்த நீதிமன்றத்தின் கையேட்டிலேயே இருக்கும். ஒருமுறை செய்தால் பழகிவிடும். நான் அதிகம் பார்க்கும் சிக்கல் அதற்கு முந்தைய கட்டத்தில், கோப்பைத் தயாரிக்கும் இடத்தில் இருக்கிறது. மனுவை அச்சிட்டு, கையெழுத்து வாங்கி, முழுவதையும் ஸ்கேன் செய்வதா? வேர்டிலிருந்து நேராக பிடிஎஃப் ஆக்கி டிஜிட்டல் கையொப்பம் இடுவதா? இரண்டையும் கலப்பதா? ஜூனியர்களிடமிருந்து இந்தக் கேள்வி தொடர்ந்து வருகிறது. அலுவலகத்துக்கு அலுவலகம் பழக்கம் வேறுபடுவதால், சீனியரிடம் கேட்டாலும் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கிறது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களே தட்டச்சு செய்த எதையும் ஸ்கேன் செய்யாதீர்கள். காகிதத்தில் மட்டும் இருப்பதை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது உங்கள் நீதிமன்றத்தின் விதி. கையெழுத்திட்ட காகிதத்தின் ஸ்கேன்தான் வேண்டும் என்று விதி சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. விதி இடம் கொடுக்கும்போதுதான் கீழே உள்ளவை கணக்குக்கு வரும்.

முதலில், படிக்கவும் தேடவும் முடிகிறதா என்று பாருங்கள். நீதிபதி அந்தக் கோப்பைத் திரையில் படிக்கிறார். முந்நூறு பக்கத்தில் ஒரு தேதியையோ ஒரு கணக்கு எண்ணையோ தேடினால் அது கிடைக்க வேண்டும். வாதத்தின் நடுவே "எந்தப் பக்கம்?" என்று கேட்டால், நீங்கள் சொல்லும் எண்ணில் அவர் திரையும் வந்து நிற்க வேண்டும். என் கணக்கில் பாதி மதிப்பெண் இதற்குத்தான்.

அடுத்தது, மூலத்தில் இருப்பது மாறாமல் வந்திருக்கிறதா என்பது. அப்புறம் கோப்பின் அளவு, கையொப்பத்தின் செல்லுபடி, மறைக்க வேண்டிய விவரம் உண்மையிலேயே நீங்கியிருக்கிறதா என்பது. கடைசியாக, கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது பத்தி ஒன்றைத் திருத்த வேண்டி வந்தால் எவ்வளவு வேலை திரும்பச் செய்ய வேண்டும் என்பது. இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வதில்லை. மாட்டிக்கொள்வது இங்கேதான்.

## வழி 1: அச்சிட்டு, கையெழுத்திட்டு, முழுவதையும் ஸ்கேன் செய்வது

இந்த வழி பழகியது. காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கோப்பிலும் இருக்கும். எழுத்துரு மாறிவிடும் என்ற பயம் இல்லை. கட்சிக்காரரின் மைக் கையெழுத்து, நோட்டரி முத்திரை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். குமாஸ்தாவுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை.

ஆனால் ஸ்கேன் செய்த பக்கம் ஒரு படம். அதில் எழுத்தே கிடையாது. ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைக் கண்டறியும் முறை) செய்து கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து அடுக்கை அந்தப் படத்தோடு சேர்த்தால்தான் தேடல் வேலை செய்யும். அந்த அடுக்கிலும் பிழை இருக்கும். மங்கிய பிரதி, சாய்ந்த பக்கம், பத்திக்கு மேல் விழுந்த முத்திரை எல்லாமே அதைக் குழப்பும். தமிழ்ப் பக்கத்தை ஆங்கில மொழி அமைப்பிலேயே ஓசிஆர் செய்தால் கிடைப்பது வெறும் குப்பை. மென்பொருளில் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இரு மொழிப் பக்கமானால் இரண்டையும். டெசராக்ட் போன்ற இலவச மென்பொருளிலும் தமிழ் உண்டு. கோப்பு வந்ததும் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் கண்ணுக்குத் தெரியும் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். அரை நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

அளவுக் கணக்கு எளிது. 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஒரு ஏ4 பக்கம் 2480 × 3508 புள்ளிகள், அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள். கறுப்பு-வெள்ளையில் ஒரு புள்ளிக்கு ஒரு பிட், சாம்பலில் ஒரு பைட், வண்ணத்தில் மூன்று பைட். டிபிஐ-யை 600 ஆக்கினால் புள்ளிகள் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகும். தெளிவாக இருக்கட்டும் என்று 600-இல் வண்ணத்தில் ஸ்கேன் செய்துவிட்டு, அளவு வரம்பைத் தாண்டிவிட்டது என்று இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு சுருக்கும் தளத்தில் கட்சிக்காரரின் ஆவணத்தை ஏற்றுபவர்களைப் பார்க்கிறேன். அது ரகசியக் காப்புக் கடமையோடு விளையாடுவது. தயவுசெய்து வேண்டாம்.

| ஸ்கேன் முறை | சுருக்கும் முன் ஒரு ஏ4 பக்கம் (300 டிபிஐ) | எதற்குப் பொருந்தும் | எங்கே காலை வாரும் |
|---|---|---|---|
| கறுப்பு-வெள்ளை | சுமார் 1.1 மெகாபைட் | தெளிவான அச்சு, தட்டச்சுப் பக்கம் | மங்கிய முத்திரை, பென்சில் குறிப்பு மறைந்துபோகும் |
| சாம்பல் | சுமார் 8.7 மெகாபைட் | பழைய பத்திரம், கார்பன் நகல், கையெழுத்துப் பக்கம் | மையின் நிறம் தெரியாது |
| வண்ணம் | சுமார் 26 மெகாபைட் | புகைப்படம், வரைபடம், நிறத்துக்கே பொருள் உள்ள இடம் | கோப்பு பெருத்துவிடும் |

சுருக்கியபின் இவை எல்லாமே வெகுவாகக் குறையும். கறுப்பு-வெள்ளையில் ஒரு சாதாரண எழுத்துப் பக்கம் சில பத்து கிலோபைட்டில் அடங்கிவிடும். ஆகவே முழுக் கட்டையும் ஒரே முறையில் ஸ்கேன் செய்யாமல், பக்கத்தைப் பார்த்து முறையை மாற்றுங்கள். சொத்து எல்லையைச் சிவப்புக் கோட்டால் காட்டும் வரைபடம் கறுப்பு-வெள்ளையில் போனால், வழக்கின் உயிரே அந்தக் கோட்டில் இருந்தாலும் அது மற்றக் கோடுகளோடு கலந்துவிடும்.

சுருக்குவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிவியலாளர், ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரங்களில் ஸ்கேன் செய்த தாள்களில் எண்கள் மாறிப்போவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருந்தது. ஸ்கேனில் மூன்று அறைகளுமே 14.13 என்று வந்தன. மங்கலாகவோ சிதைந்தோ இல்லை, பளிச்சென்று தப்பான எண்! வேறு தாள்களில் 6 என்பது 8 ஆக மாறியிருந்தது. ஜேபிக்2 என்ற சுருக்கு முறை, பக்கத்தில் ஒன்றுபோல் தோன்றும் உருவங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களிலும் அதையே ஒட்டியதுதான் காரணம். நிறுவனம் பின்னர் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. நமக்கான பாடம் இதுதான்: கணக்குத் தாள், வங்கி அறிக்கை, அளவுப் பட்டியல் போன்றவற்றுக்கு "மிகச் சிறிய கோப்பு" என்ற அமைப்பைத் தொடாதீர்கள். முக்கியமான எண்களைக் காகிதத்தோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு திருத்தத்தில் தெரியும். ஏழாம் பத்தியில் ஒரு தேதி தவறு என்றால் அந்தப் பக்கத்தைத் திரும்ப அச்சிட்டு, கையெழுத்து வேண்டுமானால் கட்சிக்காரரைத் திரும்ப அழைத்து, ஸ்கேன் செய்து, பழைய பக்கத்தை எடுத்துப் புதியதைச் செருகி, ஓசிஆரையும் திரும்ப ஓட்ட வேண்டும்.

கைப்பேசியில் ஸ்கேன் செய்வது பற்றியும் கேட்கிறார்கள். ஓரிரு பக்கத்துக்கு, வேறு வழியில்லாத நேரத்துக்குச் சரி. நிழலும் வளைவும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், செயலி கோப்பை எந்த மேகச் சேமிப்புக்கு அனுப்புகிறது என்பதையும் பாருங்கள்.

## வழி 2: வேர்டிலிருந்து நேரடி பிடிஎஃப், டிஜிட்டல் கையொப்பம்

மனு, பதிலுரை, எழுத்துபூர்வ வாதம் போன்ற நீங்களே எழுதிய எதற்கும் இதுதான் சிறந்த வழி. எழுத்து எழுத்தாகவே இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. ஐம்பது பக்க மனுகூடப் பெரும்பாலும் ஒரு மெகாபைட்டுக்குள் முடியும். தலைப்புகளை வேர்டின் தலைப்பு வடிவத்தில் போட்டிருந்தால், ஏற்றுமதித் தேர்வுகளில் அதற்கான பெட்டியைக் குறித்தால் அவையே புக்மார்க் (சொடுக்கினால் அந்தப் பக்கத்துக்குப் போகும் குறி) ஆகிவிடும். கையொப்பத்துக்கு முன் தேதியைத் திருத்த வேண்டுமா? இரண்டு நிமிட வேலை.

தமிழில் தாக்கல் செய்பவர்களுக்கு இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால் திரையில் தமிழ் தெரியும், அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகள். "வழக்கு" என்று நீங்கள் பார்க்கும் இடத்தில் கணினி பார்ப்பது சின்ன டி, ஓ, எஃப், ஒரு அரைப்புள்ளி, பெரிய எஃப். நீதிபதி யூனிகோடில் (ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுத் தரம்) "வழக்கு" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. உங்கள் வாதத்திலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து உத்தரவில் சேர்க்க நினைத்தாலும் குப்பைதான் வரும். எழுத்துருவைக் கோப்பில் பதிக்காமல் விட்டால் இன்னும் மோசம், எதிர்முனையில் மனு முழுவதுமே ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கலாம். பழைய மாதிரி மனுக்கள் அப்படித்தான் இருக்கின்றன என்றால், ஒருமுறை உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியதை வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். அந்த உழைப்பு வீண்போகாது.

யூனிகோடிலும் ஒரு கவனம் தேவை. "மேல்முறையீடு" என்ற சொல்லில் இரட்டைக் கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்துக்கு முன்னால் தெரிபவை. சில பிடிஎஃப்களில் அவை தெரியும் வரிசையிலேயே பதிந்து, தேடும்போது சொல் உடைந்துபோகும். "அச்சிடு" வழியாக பிடிஎஃப் ஆக்குவதைவிட, வேர்ட் அல்லது லிப்ரே ஆஃபீஸின் நேரடி ஏற்றுமதியில் இந்தத் தொல்லை குறைவு. "அச்சிடு" வழியில் புக்மார்க்குகளும் இணைப்புகளும்கூடப் போய்விடலாம்.

ஏற்றுமதி செய்யும்போது பிடிஎஃப்/ஏ என்ற தேர்வு இருக்கும். நீண்ட காலச் சேமிப்புக்காக 2005-இல் ஐஎஸ்ஓ 19005-1 என்ற எண்ணில் வந்த தரம் அது. எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும், கடவுச்சொல் பூட்டு கூடாது, ஒலி ஒளிக் கோப்புகள் கூடாது. நீதிமன்றம் கேட்காவிட்டாலும் இதையே தேர்ந்தெடுங்கள். எழுத்துரு சிக்கல் பாதி இங்கேயே தீரும்.

மறைமுகச் செலவு மெட்டாடேட்டா, அதாவது கோப்போடு ஒட்டிக்கொண்டு வரும் பின்னணி விவரங்கள். பழைய மனுவைத் திறந்து, "வேறு பெயரில் சேமி" என்று போட்டுப் புது மனு எழுதுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். கோப்பின் பண்புகளில் "தலைப்பு" என்ற இடத்தில் பழைய வழக்கின் பெயர் அப்படியே இருக்கும். பிடிஎஃப்பைத் திறந்தால் உலாவியின் தத்தலில் (டேப்) அந்தப் பெயர்தான் தெரியும். வேறொரு கட்சிக்காரரின் பெயர் இந்த வழக்கின் நீதிபதி முன்னால்! சீனியர் ஓரத்தில் எழுதிய கருத்துகளும் மாற்றத் தடங்களும் அணைக்காமல் ஏற்றுமதி செய்தால் அவையும் பக்கத்தோரம் வந்து நிற்கும். வேர்டில் "ஆவணத்தை ஆய்வு செய்" என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. ஏற்றுமதிக்கு முன் அதை ஓட்டுவதை அலுவலக வழக்கமாக்குங்கள்.

## வழி 3: கலவை

எழுதியது நேரடி பிடிஎஃப், இணைப்பு ஆவணங்கள் ஸ்கேன் மற்றும் ஓசிஆர், இரண்டும் ஒரே தொகுப்பாக. பெரும்பாலான வழக்குகளுக்கு நான் இதையே சொல்வேன். மனுவில் தேடல் முழுமையாக வேலை செய்யும், பத்திரங்களின் முகமும் அப்படியே இருக்கும். பிரமாணப் பத்திரத்தில் நோட்டரி முன்னால் போட்ட கையெழுத்து இருந்தால் அந்தப் பிரமாணப் பத்திரத்தை மட்டும் ஸ்கேன் செய்யலாம்.

இதன் செலவு தொகுக்கும் திறமை. யாராவது ஒருவர் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும், அவர் விடுப்பில் போனால் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பக்க எண் விஷயத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். அட்டையையும் அட்டவணையையும் எண்ணாமல் மனுவிலிருந்து 1 என்று தொடங்கினால், தாளில் 45 என்று இருக்கும் பக்கம் திரையில் 49 ஆக நிற்கும். அட்டையிலிருந்தே எண்ணத் தொடங்கினால் இந்தச் சண்டையே இல்லை. விதி வேறு மாதிரி எண்ணச் சொன்னால் அதைப் பின்பற்றி, ஒவ்வொரு ஆவணத்துக்கும் புக்மார்க் போட்டு ஈடுகட்டுங்கள். புக்மார்க்கின் பெயரும் பயன்பட வேண்டும். "இணைப்பு 4" என்று நிறுத்தாமல், "இணைப்பு 4 – விற்பனை ஒப்பந்தம், தேதி" என்று எழுதுங்கள்.

அளவு வரம்பால் கோப்பைப் பிரிக்க நேர்ந்தால் ஆவண எல்லையில் பிரியுங்கள். நூறு பக்கத்துக்கு ஒன்று என்று வெட்டினால் ஒரு ஒப்பந்தத்தின் தலை ஒரு கோப்பிலும் கையெழுத்துப் பக்கம் இன்னொரு கோப்பிலும் போய் விழும்.

வேலையின் வரிசையும் முக்கியம். தலைகீழாக நிற்கும் பக்கங்களைத் திருப்புவது, ஓசிஆர், தொகுப்பது, பக்க எண், புக்மார்க், மறைப்பு, சுருக்குவது, பிடிஎஃப்/ஏ, எல்லாம் முடிந்து கடைசியில் கையொப்பம். காரணம் அடுத்த பகுதியில்.

## கையொப்பம் எப்போது உடைகிறது

டிஜிட்டல் கையொப்பம் என்பது பக்கத்தில் தெரியும் பச்சை அடையாளம் அல்ல. கோப்பின் பைட்டுகள் முழுவதிலிருந்தும் கணக்கிட்ட ஒரு சுருக்க எண்ணை உங்கள் சாவியால் முத்திரையிட்டு வைப்பது. கையொப்பத்துக்குப் பின் கோப்பைச் சுருக்கினாலோ, பிடிஎஃப்/ஏ-வாக மாற்றினாலோ, இன்னொரு கோப்போடு இணைத்தாலோ அது செல்லாமல் போகும், அல்லது காணாமலே போகும். கையொப்பமிட்ட கோப்பை அச்சிட்டு ஸ்கேன் செய்தால் மிஞ்சுவது கையொப்பத்தின் படம் மட்டும். இரண்டு வழக்கறிஞர்கள் ஒப்பமிட வேண்டுமானால், முதலாமவர் ஒப்பமிட்ட அதே கோப்பில் இரண்டாமவர் தன் கையொப்பத்தைச் சேர்க்கலாம். பிடிஎஃப் அமைப்பு பழைய பைட்டுகளைத் தொடாமல் கடைசியில் மட்டும் சேர்க்க இடம் கொடுப்பதால் முதல் கையொப்பம் உடையாது.

கையெழுத்தின் படத்தை வெட்டி வேர்டில் ஒட்டுவது டிஜிட்டல் கையொப்பம் ஆகாது. சில நீதிமன்றங்கள் அதையும், பெயருக்கு முன் /s/ என்று போட்டுத் தட்டச்சு செய்ததையும்கூட ஏற்கின்றன. உங்கள் நீதிமன்றம் ஏற்கிறதா என்று விதியைப் பார்த்த பிறகே செய்யுங்கள்.

## மறைப்பு: மூன்று வழிக்கும் பொதுவான கண்ணி

2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசார மேலாளரான பால் மனஃபோர்ட்டின் வழக்கில் அவர் தரப்பு தாக்கல் செய்த ஆவணத்தில் சில பகுதிகள் கறுப்புப் பட்டையால் மறைக்கப்பட்டிருந்தன. நிருபர்கள் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வேறு இடத்தில் ஒட்டினார்கள். அடியில் இருந்த எழுத்து முழுவதும் வந்துவிட்டது. பட்டை எழுத்தின் மேல் கிடந்ததே தவிர, எழுத்து நீங்கவில்லை.

நேரடி பிடிஎஃப்பில் இந்த ஆபத்து அதிகம். ஸ்கேனில் இல்லவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், ஓசிஆர் அடுக்கில் அதே எழுத்து ஒளிந்திருக்கும். பிடிஎஃப் மென்பொருளில் மறைப்புக்கென்றே உள்ள கருவியைப் பயன்படுத்தி, அதை "செயல்படுத்தி", சேமித்து, பிறகு நீங்களே நகலெடுத்துப் பாருங்கள், தேடியும் பாருங்கள். அந்தக் கருவி இல்லையென்றால் காகிதத்தில் கறுப்பு மையால் அழித்து, அந்தத் தாளை நகலெடுத்து, நகலை ஸ்கேன் செய்யுங்கள். முதல் வழியை நான் மனதாரப் பரிந்துரைக்கும் இடம் இது ஒன்றுதான்.

## எந்த நிலையில் எது

கட்சிக்காரர் நேரில் கையெழுத்திட்ட ஓரிரு பக்க ஆவணம், டிஜிட்டல் கையொப்பத்தை ஏற்காத நீதிமன்றம், நம்பகமான மறைப்புக் கருவி இல்லாத அலுவலகம்: இங்கெல்லாம் ஸ்கேன்.

இணைப்பே இல்லாத, சட்டக் கேள்வி மட்டும் உள்ள மனு, எழுத்துபூர்வ வாதம், அவசரமாகத் திருத்தித் திருத்தி எழுத வேண்டிய எதுவும் நேரடி பிடிஎஃப்.

பத்திரங்களும் கடிதங்களும் ரசீதுகளும் கொண்ட சராசரி உரிமையியல் வழக்குக்குக் கலவை. ஆனால் தொகுக்கத் தெரிந்தவர் இன்று அலுவலகத்தில் இல்லை, கெடு இன்றே என்றால் கலவையில் இறங்காதீர்கள். தளம் தனித்தனிக் கோப்புகளை ஏற்றால், மனுவை நேரடி பிடிஎஃப்பாகவும் இணைப்புகளைத் தனி ஸ்கேன் கோப்பாகவும் ஏற்றிவிடுங்கள்.

கெடுவைப் பற்றி ஒன்று. மின் தாக்கல் என்றால் நள்ளிரவு வரை நேரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் பொது விதி அப்படித்தான். ஆனால் அங்கேயே மூன்றாம் சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஜூலை 1 முதல் கெடுவை மாலை 5 மணியாக மாற்றிவிட்டது. நேரம் நீதிமன்றத்தின் கடிகாரப்படிதான், உங்கள் ஊர்க் கடிகாரப்படி அல்ல. பதிவேற்றம் தொடங்கிய நேரத்தை எடுக்கிறார்களா, முடிந்த நேரத்தையா என்பதையும் முன்கூட்டிப் பார்த்து வையுங்கள். ஐந்து மெகாபைட் மனு சில நொடிகளில் ஏறிவிடும், நானூறு பக்க வண்ண ஸ்கேன் அப்படி ஏறாது.

கோப்பின் பெயரில் தமிழ் எழுத்து, இடைவெளி, சிறப்புக் குறிகள் இருந்தால் சில தளங்கள் காரணம் சொல்லாமலே நிராகரிக்கும். எளிய ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். ஒப்புகை வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். தளத்தில் இப்போது இருக்கும் பிரதியைத் தரவிறக்கித் திறந்து, பக்க எண்ணிக்கை சரியா, கையொப்பம் செல்லுமா, தேடல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். எதிர்த்தரப்பும் நீதிபதியும் படிக்கப்போவது அந்தப் பிரதியைத்தான்.